தரிசு என்று எழுதிய நிலத்தில் பூப்பவை: சேலம், நாமக்கல் சமவெளியின் காட்டுப்பூக்கள்

மார்கழி கடைசி நாளில் சேலம், நாமக்கல் ஊர்களில் காப்புக் கட்டுவார்கள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துச் சிறு கொத்தாக்கி, வீட்டு வாசலிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிணற்று மேட்டிலும் காட்டு மூலையிலும் செருகி வைப்பது கொங்கு நாட்டு வழக்கம். முன்பு இந்தக் கொத்துக்கான பூவை யாரும் விலைக்கு வாங்கியதில்லை. பிள்ளைகள் வண்டித்தடத்து ஓரத்திலும் கரட்டடியிலும் பறித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இன்று போகிக்கு முந்தைய நாளில் நகரத்துக் கடைவீதிகளில் பூளைப்பூ கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. கிராமத்தாரும் வாங்கிப் போகிறார்கள். ஒரு செடி அழிந்துபோய்விட்டது என்பதல்ல இதன் பொருள். பூளை இன்னும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு அருகில், நடந்து போய்ப் பறிக்கும் தொலைவில் அது இல்லை. மனிதர் நடக்கும் தொலைவே இப்படிச் சுருங்கிவிட்டதென்றால், சில நூறு மீட்டருக்குள் இரை தேடி வாழும் சிறு தேனீயின் நிலை என்ன?

காட்டுப்பூக்களைப் பற்றி நம்மிடம் இரண்டு வகைப் பேச்சு உண்டு. ஒன்று மூலிகைப் பேச்சு: எந்தச் செடி எந்த நோய்க்கு. மற்றது இலக்கியப் பேச்சு: கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியது, திணைகளுக்குப் பூவின் பெயர் வைத்தது, தும்பையையும் உழிஞையையும் போர்மறவர் சூடியது. இரண்டும் நமக்கு வேண்டியவைதான். ஆனால் இரண்டிலும் பூ மனிதனுக்காகப் பூக்கிறது. அந்தப் பூ அங்கே இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிக்கு, கரட்டில் பறக்கும் பட்டாம்பூச்சிக்கு, மரவள்ளியைத் தின்னும் பூச்சிக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சேலம், நாமக்கல் சமவெளியில் வைத்துப் பார்க்கிறது.

நிலமும் பருவமும்

1997 ஜனவரி 1 வரை இரண்டும் ஒரே மாவட்டம். நில அமைப்பில் இன்றும் ஒன்றுதான். சேர்வராயன், கல்வராயன், போதமலை, கொல்லிமலை சுற்றி நிற்க, நடுவே கஞ்சமலை, ஜருகுமலை, நைனாமலை, சங்ககிரி, திருச்செங்கோடு என்று தனித்தனிக் குன்றுகள். அவற்றுக்கு இடையே பெயரில்லாத கரடுகள். கரடுகளுக்குக் கீழே செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டாங்காடு. பெரும்பாலான இடங்களில் ஆண்டு மழை 700 முதல் 1,000 மில்லிமீட்டருக்குள்தான். அதுவும் கோடை மழை, ஆவணி புரட்டாசி மழை, ஐப்பசி கார்த்திகை மழை என்று துண்டு துண்டாக வரும்.

இங்குள்ள செடிகள் இந்தத் துண்டு மழைக்கு ஏற்பத் தங்கள் காலத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. கோடையில் இலையே இல்லாமல் மண்ணுக்குள்ளிருந்து பூந்தண்டை மட்டும் நீட்டும் நரிவெங்காயம். ஆடி பிறந்ததும் வேலியைப் பற்றி ஏறி, ஆவணி புரட்டாசியில் தீக்கொழுந்தாகப் பூக்கும் செங்காந்தள். முதல் நல்ல மழை பெய்த சில வாரங்களில் தரையோடு தரையாக நீலத்தில் விஷ்ணுகிராந்தி, இளஞ்சிவப்பில் ஓரிதழ்த்தாமரை, செம்மை படர்ந்த செப்புநெருஞ்சி. அடுத்து கொழிஞ்சி, கிலுகிலுப்பை. புரட்டாசியிலிருந்து வரப்பெங்கும் தும்பை. ஏரியில் தண்ணீர் வடிய வடியக் கரைச் சேற்றில் நீர்முள்ளி. மார்கழி, தையில் பூளை. இவையெல்லாம் காய்ந்தபின் மாசியிலிருந்து வைகாசி வரை நிலம் வெறுமையாகத் தெரியும். அப்போதும் எருக்கு பூத்திருக்கும், ஆவாரை பூத்திருக்கும், தெருவோரத்தில் முள்ளும் ஊதாப்பூவுமாகக் கண்டங்கத்திரி படர்ந்திருக்கும்.

இந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. மா தையிலும் மாசியிலும் பூத்து முடிந்துவிடும். எள், துவரை, சூரியகாந்தி எல்லாம் சில வாரப் பூக்கள். மகரந்தம் சேர்க்கும் பூச்சியோ பன்னிரண்டு மாதமும் ஏதாவது ஒரு நிலையில் உயிரோடிருக்க வேண்டும். பயிர் பூக்காத மாதங்களில் அதற்குச் சோறு போடுவது காட்டுப்பூக்கள். ஒரு செடி குறைந்தால் அழகு குறைகிறது என்று நினைக்கிறோம். பூச்சிக்கு ஒரு மாதச் சோறு குறைகிறது.

ஆவாரையும் கத்தரியும்

தலைவாசல் காய்கறிச் சந்தைக்கு வரும் கத்தரிக்கும் தக்காளிக்கும், கரட்டோரத்து ஆவாரைக்கும் ஓர் உறவு இருக்கிறது. இந்தச் சமவெளியின் காட்டுப்பூக்களைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் திறக்கும். எந்தப் பூச்சி தொட்டாலும் தூள் ஒட்டிக்கொள்ளும். கத்தரி, தக்காளி இனத்தில் அப்படியில்லை. மகரந்தம் வெளியேற நுனியில் சிறு துளைதான் உண்டு. உப்புக் குப்பியைப் போலக் குலுக்கினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். சில காட்டுத் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியும். பூவைக் கால்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிர வைக்கும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் பீறிட்டு அதன் வயிற்றில் படியும். ஊரில் கருவண்டு என்று சொல்லும் தச்சுத்தேனீ, வயிற்றில் நீலப்பட்டை ஓடும் நீலவரித் தேனீ, மண்ணில் வளை தோண்டி வாழும் இன்னும் சில சிறு தேனீக்கள் இதைச் செய்கின்றன. பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீயோ, மலைத்தேனீயோ, புதரில் கூடு கட்டும் கொம்புத்தேனீயோ இதைச் செய்வதில்லை. காற்று அசைத்தாலும் ஓரளவு மகரந்தம் உதிரும். தக்காளியும் கத்தரியும் தம் பூவின் தூளிலேயே காய்க்கும். ஆனால் அதிரவைக்கும் தேனீ வந்துபோன பூவில் காய்ப்பிடிப்பும் காயின் எடையும் கூடுகின்றன.

ஆவாரம்பூவும் இதே அமைப்புத்தான். அதில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அந்தப் பைகளும் நுனித்துளை வழியாகவே திறக்கின்றன. மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரே அளவிலும் இல்லை. நடுவில் உள்ள குட்டையானவற்றைத் தேனீ தன் உணவுக்காகக் குலுக்கும்போது, நீண்டு வளைந்தவை அதன் உடலின் மேல் தூளைத் தூவி அடுத்த பூவுக்கு அனுப்பிவைக்கின்றன. கண்டங்கத்திரியும் தூதுவளையும் கத்தரியின் நெருங்கிய உறவுகள். அவற்றின் பூவும் குலுக்கினால்தான் தரும். ஆக, கத்தரித் தோட்டம் இல்லாத மாதங்களிலும், தோட்டம் கைமாறிய ஆண்டுகளிலும், இந்தத் தேனீக்களைக் காத்து வைப்பவை வேலியில் தூதுவளை, தடத்தோரத்தில் கண்டங்கத்திரி, கரட்டில் ஆவாரை ஆகிய மூன்றும். தேனீப்பெட்டி வாங்கி வைத்து இந்த இடத்தை நிரப்ப முடியாது. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் பரவி இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. ஒரே வகைத் தேனீயை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆண்டுகளே சாட்சி.

பூ மட்டும் போதாது, வீடும் வேண்டும். நீலவரித் தேனீ உழப்படாத மண்ணில், பழைய மண்சுவரில் குடியிருக்கும். தச்சுத்தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு முட்டை வைக்கும். டிராக்டர் ஏறி வரப்பைக் கரைத்த இடத்திலும், பட்ட கிளையை ஒன்றுவிடாமல் வெட்டி அடுக்கிய வேலியிலும் அவற்றுக்கு இடமில்லை. முருங்கைப்பூவுக்கும் இந்தத் தச்சுத்தேனீதான் முக்கியமான விருந்தாளி. பூசணி, சுரை, பீர்க்கு இனங்களுக்கு வேலியில் படரும் கோவையின் வெள்ளைப்பூ பக்கபலம்.

இலையைத் தின்ன வருபவை

பூவுக்கு வரும் பூச்சியைப் பற்றிப் பேசும்போது, இலைக்கு வரும் புழுவை மறந்துவிடுகிறோம். பட்டாம்பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். முட்டையிட அதற்குக் குறிப்பிட்ட செடிதான் வேண்டும். உள்ளூர்ச் செடியின் மதிப்பு இந்த இடத்தில்தான் முழுவதுமாகத் தெரிகிறது.

எருக்கு இலையின் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆடு மாடு தொடுவதில்லை. வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியின் புழு அந்த இலையைத் தின்று, அந்த நஞ்சையே உடலில் சேமித்து வளர்கிறது. ஒருமுறை அதைக் கொத்திய பறவை மறுமுறை அந்த நிறத்தைத் தொடாது. இந்தப் பயத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் இன்னொரு பட்டாம்பூச்சி இதே ஊரில் பறக்கிறது. அதன் பெண் அச்சு அசலாக வெந்தய வரியனைப் போலவே இருக்கும்; ஆனால் அதன் உடலில் நஞ்சில்லை. அதன் புழு வளர்வது பருப்புக்கீரையில். எருக்கு இல்லாத இடத்தில் வெந்தய வரியன் குறையும். அது குறைந்தால் இந்தப் போலியின் வேஷமும் பலிக்காது.

பருத்திக் காட்டு வரப்புகளில் ஆடுதீண்டாப்பாளை என்றொரு சிறு செடி படர்ந்திருக்கும். பெயருக்கேற்ப ஆடு தீண்டாத கசப்பு. அதன் குழல் வடிவப் பூ சிறு ஈக்களை உள்ளே இழுத்து, சிறிது நேரம் சிறைவைத்து, மகரந்தம் பூசி வெளியே அனுப்பும். கருப்பு இறகும் சிவந்த உடலுமாகப் பறக்கும் அழகிய பட்டாம்பூச்சி ஒன்றின் புழுவுக்கு இந்தச் செடியும் இதன் இனமும்தான் உணவு. வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் புழுவாக வளரும் பட்டாம்பூச்சியில் ஒரு வகைப் பெண், இந்தச் சிவப்புடல் அழகியைப் போலவே இறகை அமைத்துக்கொண்டு தப்பிக்கிறது. கொல்லையில் பறப்பதன் பாதுகாப்பு, வரப்பில் நாம் கொத்தி எறியும் ஒரு கசப்புச் செடியில் தொங்குகிறது. ஓரிதழ்த்தாமரைக்கும் ஒரு செம்பழுப்புப் பட்டாம்பூச்சி உண்டு. நன்னாரிக்கு உண்டு. வேலியேறும் கொடிப்பாலைக்கு உண்டு, நீர்முள்ளிக்கும் உண்டு. சர்பத்துக்காக நன்னாரி வேரோடு தோண்டப்படும் கரடுகளில் ஒரு கொடியோடு ஒரு புழுவின் பிழைப்பும் போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இவற்றுள் சில பட்டாம்பூச்சிகள் ஊர்விட்டு ஊர் போகின்றவை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைப் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி ஆயிரக்கணக்கில் அவை பறப்பது வழக்கம். கருப்பில் வெளிர்நீலக் கோடும் புள்ளியும் கொண்டவை, கரும்பழுப்பு இறகின் ஓரத்தில் வெண்புள்ளி வைத்தவை ஆகியவை அந்தக் கூட்டத்தில் மிகுதி. 2020-ல் இந்தப் பயணம் ஜூலையிலேயே தொடங்கியதைப் பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் பதிவு செய்தார்கள். இரண்டு மலைத்தொடருக்கும் நடுவே அவை கடக்க வேண்டிய நிலம் நம் சமவெளிதான். வழியில் அவை கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் மொய்ப்பதைப் பார்க்கலாம். தேன் மட்டும் அவற்றின் தேவையல்ல. அந்தச் செடிகளின் காய்ந்த தண்டிலும் இலையிலும் உள்ள ஓர் ஆல்கலாய்டை ஆண்கள் உறிஞ்சி எடுத்து, பெண்ணை ஈர்க்கும் வாசனையாக மாற்றிக்கொள்கின்றன. சாலையோரத்தில் காய்ந்த கிலுகிலுப்பைக் குச்சியை நாம் குப்பை என்று கூட்டி எரிக்கிறோம். அவற்றுக்கு அது இனப்பெருக்கத்துக்கான சரக்கு.

மரவள்ளியும் குளவியும்

சேலம், நாமக்கல் என்றால் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியும் ஜவ்வரிசியும். 2020-ல் கேரளத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் நம் காடுகளுக்கும் வந்து நுனிக் குருத்துகளைச் சுருட்டிப்போட்டது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து அங்கே கோடிக்கணக்கானோரின் உணவைக் கெடுத்தது. அங்கே அதை அடக்கியது மருந்தல்ல, பராகுவே நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டது.

இந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு அதைத் தின்று வெளிவரும். வளர்ந்த குளவிக்கு உயிர்வாழ இனிப்பு வேண்டும். பூந்தேன் கிடைத்தால் ஒட்டுண்ணிக் குளவிகள் பொதுவாகக் கூடுதல் நாள் வாழும், கூடுதல் முட்டை இடும் என்பது உயிரியல் கட்டுப்பாட்டில் நிறுவப்பட்ட உண்மை. எல்லாப் பூவிலும் அவற்றால் தேன் எடுக்க முடியாது. வாய் மிகச் சிறியது. ஆழமில்லாத, திறந்த, குட்டிப் பூக்கள்தான் அவற்றுக்கு எட்டும். வரப்புச் செடிகளில் பல அப்படிப்பட்டவை. கடல் கடந்து வரவழைத்த குளவியை விட்டுவிட்டு, அதற்குச் சோறுபோடக்கூடிய வரப்பில் களைக்கொல்லி தெளிப்பது ஒரு கையால் நட்டு மறுகையால் பிடுங்குவதாகும். வேளாண் துறையின் பரிந்துரைத் தாளில் குளவி விடும் வயலைச் சுற்றி வரப்புப் பூவை விட்டுவைக்கச் சொல்லி ஒரு வரி வேண்டும் என்பது என் கருத்து.

உழவர் பக்கத்து நியாயம்

இதையெல்லாம் சொல்லும்போது உழவர் கேட்கும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். களை பயிரைத் தின்கிறது; களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கூலி கட்டவில்லை. இது பொய்யல்ல. பெரும்பாலான பயிர்களுக்கு முதல் 30, 40 நாட்களில் களை நின்றால் விளைச்சல் விழும். சுடுமல்லி அழகான பூதான். ஆனால் அது சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் செடி, அதைக் காக்கச் சொல்லி எந்த உழவரிடமும் போய்க் கேட்க முடியாது. வெண்டைக்கு மஞ்சள் நரம்பு நோயைக் கொண்டுவரும் வெள்ளை ஈ களைச்செடிகளில் தங்கும் என்பதும் உண்மை.

ஆனால் பயிர் நடுவிலுள்ள களையும் வரப்பில் உள்ள செடியும் ஒன்றல்ல. களைக்கொல்லி வந்தபின் அந்த வேறுபாடு போய்விட்டது. கொத்தும் அரிவாளும் பிடித்த கை எதை விடுவது என்று பார்த்து விட்டது. ஆட்டுக்குக் கொஞ்சம், கீரைக்குக் கொஞ்சம், மருந்துக்குக் கொஞ்சம் என்று வரப்பில் செடி நின்றது. தெளிப்பானுக்கு அந்தக் கண் இல்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு வரப்புவரை வந்து சேரவில்லை.

இன்னொன்று: வரப்பில் பூத்திருப்பதெல்லாம் உள்ளூர்ப் பூவும் அல்ல. பிள்ளைகள் தாத்தாப்பூ என்று விளையாடும் வெட்டுக்காயப்பூண்டு மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் தேனைப் பட்டாம்பூச்சிகள் விரும்பிக் குடிக்கின்றன, அதை நான் பகையாக நினைக்கவில்லை. உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் வேறு கதை. 1950களில் புனேயில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம் இன்று நம் மனைப்பிரிவுகளையும் புறம்போக்கையும் மூடி நிற்கிறது. தும்பையும் செப்புநெருஞ்சியும் நின்ற இடத்தை அது பிடித்துக்கொண்டது. தமிழக அரசு 2022-ல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது நல்ல தொடக்கம். ஆனால் சீமைக் கருவேலத்தை அகற்ற இறங்கும் பொக்லைன் அதன் அடியில் மிஞ்சி நின்ற ஆவாரையையும் நீர்முள்ளியையும் சேர்த்தே வழித்துப் போகிறது. வெறுமண்ணில் முதலில் முளைப்பது மறுபடி பார்த்தீனியம். அகற்றுவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அகற்றியபின் உள்ளூர்ச் செடி வேர்பிடிக்கும்வரை பார்த்துக்கொள்ள ஒதுக்காவிட்டால் வேலை பாதியில் நின்றதாகவே பொருள்.

தரிசு என்ற கணக்கு

ஆவாரைக்கு ஒரு காலத்தில் காவல் இருந்தது. தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழில் அதன் பட்டையை நம்பி நடந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பலேறி இங்கிலாந்து போனது. மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தரத்தில் தனிப்பெயர் உண்டு. தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை வந்தபின் ஆவாரைக்கு வாங்குவோர் குறைந்தார்கள். விலை போகாத செடி நிற்கும் நிலம் வெறும் நிலமாயிற்று. தேசியத் தொலையுணர்வு மையம் தயாரிக்கும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர் நிலம் தரிசின் ஒரு வகை. கரடும் அதன் அடிவாரப் புறம்போக்கும் அரசு ஏட்டில் அப்படித்தான் நிற்கின்றன. மேச்சேரி ஆடும் சேலம் கருப்பு வெள்ளாடும் மேய்ந்து வளர்ந்த நிலம் அது. பொட்டனேரியில் ஆட்டினத்தைக் காக்க ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறோம். ஆடு தின்ற செப்புநெருஞ்சிக்கும் கொழுக்கட்டைப்புல்லுக்கும் அப்படி எதுவும் இல்லை.

தரிசு என்று எழுதிவிட்டால் அதை என்ன செய்தாலும் முன்னேற்றம்தான். மனை போடலாம், கல்லுடைக்கலாம், கோழிப்பண்ணை கட்டலாம். பசுமை ஆர்வலர்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. வெற்றிடம் என்று நினைத்து மியாவாக்கி முறையில் நெருக்கி மரம் நடுகிறார்கள், விதைப்பந்து வீசுகிறார்கள். அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். ஊருக்குள், குப்பை கொட்டிய இடத்தில் அதைச் செய்யட்டும். கரட்டடியின் திறந்த புல்லும் பூவும் ஒரு முழுமையான வாழிடம். அது காடாகத் தவறிய நிலம் அல்ல. அங்கே நிழல் விழுந்தால் விஷ்ணுகிராந்தியும் செப்புநெருஞ்சியும் பாறையிடுக்குக் கள்ளிமுளையானும் போய்விடும். கள்ளிமுளையானின் கருஞ்சிவப்புப் பூவுக்கு வருவது ஈ. அந்த ஈக்கும் ஒரு வேலை உண்டு என்பதை மரக்கன்று எண்ணிக்கை காட்டாது.

திருச்செங்கோடு, பரமத்தி பக்கத்துக் கிளுவை வேலிகள் இந்தச் சமவெளியின் மிக நல்ல பூந்தோட்டங்கள் என்று சொல்வேன். பிரண்டை, கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, தூதுவளை, சங்குப்பூ, செங்காந்தள் எல்லாம் ஒரே வேலியில் ஏறிக் கிடக்கும். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த வேலியில் ஒன்றும் ஏறாது. நான்குவழிச் சாலையின் நடுவே அரளியும் போகன்வில்லாவும் வரிசையாகப் பூத்திருக்கின்றன. பார்க்கப் பசுமைதான், ஆனால் அரளிப்பூவில் தேன் கிடையாது.

மேலை நாடுகள் இந்தப் பாடத்தைத் தாமதமாகப் படித்தன. பிரிட்டன் 1930களுக்குப் பிறகு தன் பூம்புல்வெளிகளில் 97 விழுக்காட்டை இழந்துவிட்டு, இன்று வயலோரத்தில் பூ விதைக்க உழவருக்குப் பணம் தருகிறது. ஜெர்மனியின் காப்பிடங்களிலேயே 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததை 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் முக்கால் பங்கு ஏதோ ஓரளவு மகரந்தம் சேர்க்கும் உயிர்களை நம்பியிருக்கின்றன என்று ஐ.நா. ஆதரவு பெற்ற பல்லுயிர் அமைப்பு 2016-ல் சொன்னது. நமக்கு இன்னும் விதைத்து மீட்கும் நிலை வரவில்லை. நம் பூக்களின் விதை மண்ணுக்குள் இருக்கிறது, விட்டாலே வரும்.

தாவரங்களைப் பெயர் சொல்லிப் பதிவுசெய்த நல்ல நூல்கள் நமக்கு உண்டு. கேம்பிள் 1915-ல் தொடங்கி, ஃபிஷர் 1936-ல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் ஒன்று. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து கே.எம். மேத்யூ அடிகளார் 1980களின் முதல் பாதியில் கொண்டுவந்த தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவர நூல் மற்றொன்று. சேலம் சமவெளியின் செடிகளை அடையாளம் காண இன்றும் அவைதான் கைவிளக்கு. ஆனால் அவை எந்தச் செடி எங்கே என்று சொல்லும். அதற்கு யார் வருகிறார்கள் என்று சொல்வதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சுப்பா ரெட்டியும் சாலமன் ராஜுவும் கிழக்குத் தொடர்ச்சி மலைச் செடிகளின் மகரந்தச் சேர்க்கையைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்து எழுதியதைப் போல, சேலத்திலும் ராசிபுரத்திலும் உள்ள கல்லூரித் தாவரவியல் துறைகள் ஒரு கரட்டையும் ஒரு வேலியையும் எடுத்துக்கொண்டு மாதாமாதம் குறித்தால் போதும். பெரிய கருவி வேண்டாம். நோட்டும் பொறுமையும் வேண்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வரப்பின் அடியில் ஒரு முழ அகலமாவது மருந்தடிக்காமல் விடலாம். வாய்க்கால் ஓரத்தையும் சாலையோரத்தையும் நூறுநாள் வேலையில் ஐப்பசி கார்த்திகையில், செடி முழுப்பூவில் நிற்கும்போது சுரண்டாமல், விதை உதிர்ந்தபின் மாசியில் வெட்டச் சொல்லலாம். ஓர் ஆண்டில் சாலையின் ஒரு பக்கம், அடுத்த ஆண்டில் மறுபக்கம். பார்த்தீனியத்தை மட்டும் பூக்குமுன் பிடுங்கலாம். கிளுவை வேலி வைத்திருப்பவர் கம்பிவேலிக்கு மாறாமல் அதைக் காப்பதற்கு ஒரு தொகை தரலாம். 2002-ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழுவும் மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடும் இருந்தாக வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கு 2020 ஜனவரி 31-ஐக் கெடுவாக வைத்தது.

அடுத்த அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகிறவர்கள் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். தும்பையும் கிலுகிலுப்பையும் பூத்து நிற்கும் பருவம் அது. உங்கள் ஊர்க் கரட்டின் பெயரும், அதில் நிற்கும் ஆவாரை, எருக்கு, ஆடுதீண்டாப்பாளை, கொடிப்பாலையின் பெயர்களும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே எழுதச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.